சிரில் போஸ்டில் நிறுத்தாத மார்ச்

சிரில் போஸ்டிலுக்குச் சங்கீத ஞானம் கிடையாது. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை, அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். ராணுவ பேண்டில் சேர்ந்த புதிதில் அவன் கையில் கிளாரினெட்டைக் கொடுத்தார்கள். அது எண்ணெய் காணாத கதவு மாதிரி கத்தியது. குழாயை முன்னால் நீட்டி இழுத்து ஊதும் டிராம்போனைக் கொடுத்தார்கள். முன்னால் நின்றவனின் தொப்பி பறந்தது. கடைசியில் பேண்ட் மாஸ்டர் வெறுத்துப்போய், "இவனுக்கு ஊதவும் வராது, விரலும் ஓடாது. ஆனா ஆள் எருது மாதிரி இருக்கான். பெரிய டிரம்ம மாட்டி விடுங்கய்யா" என்றார். அப்படித்தான் ஃபென்மார்ஷ் காலாட்படையின் அத்தனை கால்களும் சிரில் கைக்கு வந்து சேர்ந்தன.

கால்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ராணி பதக்கம் குத்துவார், ஜெனரல் உத்தரவு போடுவார். ஆனால் இடது கால் எப்போது தரையில் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவன் பெரிய டிரம்காரன். அவன் கொஞ்சம் அவசரப்பட்டால் கர்னலும் அவசரப்பட வேண்டியதுதான். அவனுக்கு முந்தின ராத்திரி பீர் அதிகமாகிவிட்டால் மொத்த அணிவகுப்பும் சவ ஊர்வலம் மாதிரி நகரும். யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு அதிகாரமும் அவனுக்கு உண்டு. படை நடப்பதற்காக வாசிக்கும் மார்ச் இசைக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. கடைசி வரி முடிந்ததும் முதல் வரிக்கே திரும்பிவிடும். நடந்துகொண்டே வாசிப்பவனுக்கு எப்போது போய்ச் சேருவோம் என்று முன்கூட்டித் தெரியாதே! போய்ச் சேர்ந்ததும் பேண்ட் மாஸ்டர் கோலை உயர்த்துவார். டிரம்காரன் அந்தச் சுற்றின் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு அடி போடுவான். அந்த இரட்டை அடி கேட்டால்தான் நாங்கள் வாயிலிருந்து வாத்தியத்தை எடுப்போம். கேட்காவிட்டால் ஊதிக்கொண்டே கடலில் இறங்கியிருப்போம். நான் கார்னெட் என்கிற சின்ன எக்காளம் ஊதினவன். எனக்கு நேர் பின்னால்தான் சிரிலின் டிரம். என் இடது காது மந்தமானது அவன் உபயம்.

எங்கள் மார்ச்சுக்கு 'வாத்துக்காரி' என்று பெயர். மற்ற படைப்பிரிவுகள் சிங்கம், இடி, பழைய வெற்றிகள் என்று பெயர் வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தும்போது, நாங்கள் வாத்துக்காரிக்கு நெஞ்சை நிமிர்த்தினோம். பெயர்க்காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை.

அதிகாரிகள் சாப்பிடும் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த கதை இது. பழைய பிரெஞ்சுச் சண்டை ஒன்றில் மூடுபனி. எங்கள் ஆட்கள் திசை தெரியாமல் சிதறிப்போனார்கள். ஒரு டிரம்காரனும் ஒரு குழல்காரனும் மட்டும் அசையாமல் நின்று இந்த மெட்டை வாசித்தார்கள். படை அதைக் கேட்டு ஒன்றுகூடி எதிரியை வென்றது.

'கறுப்பு விலாங்கு' மதுக்கடையில் சொல்லும் கதை வேறு. சதுப்பு நிலச் சாலையில் போகும்போது எங்கள் ஆட்கள் ஒரு பொம்பளையின் வாத்துகளைத் திருடினார்கள். அவள் விடவில்லை. அடுத்த ஊர் வரைக்கும் பின்னாலேயே வந்து, கர்னலின் பிறப்பிலிருந்து ஆரம்பித்து ராகம் போட்டுத் திட்டினாள். அந்தத் திட்டு நடைக்குத் தோதாக இருந்தது. குழல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். வார்த்தைகளைப் பாதிரியார்கள் எடுத்துவிட்டார்கள், மெட்டு மட்டும் தங்கிவிட்டது. மூடுபனியும் உண்மைதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். ஆனால் அந்தப் பனிக்குள் மெட்டை வாசித்துக்கொண்டிருந்தது எங்கள் ஆட்கள் இல்லையாம், பிரெஞ்சுக்காரர்களாம். எங்களிடமிருந்து பிடித்த ஒரு கைதி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தான். எங்கள் படை சொந்த மெட்டு என்று நம்பி ஆனந்தமாக எதிரி முகாமுக்குள் நடந்துபோய்விட்டது. காலைச் சாப்பாட்டில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள், இவ்வளவு தைரியமாக வருகிறவர்களுக்குப் பின்னால் பெரிய படை இருக்கும் என்று பயந்து சரணடைந்தார்கள். எனக்கு இந்தக் கதைதான் பிடிக்கும். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும் என்பதால் நம்பவும் செய்கிறேன்.

சிரிலிடம் கேட்டால், "எவ பாடினா என்ன, இடது கால்ல விழுதா இல்லையா, அதச் சொல்லு" என்பான்.

சண்டைக் காலத்தில் பேண்ட்காரர்களுக்கு வாத்தியம் கிடையாது. அதையெல்லாம் பூட்டி வைத்துவிட்டு எங்களை ஸ்ட்ரெச்சர் தூக்கச் சொல்வார்கள். ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் முன்கம்பு நான், பின்கம்பு சிரில். தூக்குகிற இரண்டு பேரின் காலும் ஒன்றாக விழாவிட்டால் ஸ்ட்ரெச்சர் குலுங்கும், படுத்திருப்பவன் உயிர் போகும். அதனால் சிரில் வாய்க்குள்ளேயே 'வாத்துக்காரி'யை முனகிக்கொண்டு வருவான். சுதியே சேராது. ஒருநாள் தொடையில் குண்டு வாங்கிய ஒருவன் வலியில் துடித்துக்கொண்டே, "டேய், சுட்டது கூடப் பரவால்ல, இவன் பாட்ட நிறுத்தச் சொல்லுங்கடா" என்றான். "தூக்கிட்டு வர்றவன் நானு. பிடிக்கலைன்னா எறங்கி நடந்து வா" என்றான் சிரில். அந்த ஆள் இன்று மார்க்கெட் தெருவில் இறைச்சிக்கடை வைத்திருக்கிறான். சிரிலைக் கண்டால் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுப்பான். எல்லோரும் அப்படிப் பிழைத்துவிடவில்லை. சில தடவை பாதி வழியிலேயே ஸ்ட்ரெச்சரின் கனம் மாறிவிட்டது எங்களுக்குத் தெரியும். அப்போதும் சிரில் முனகலை நிறுத்தியதில்லை. போய்ச் சேர்ந்து கீழே இறக்கி வைத்த பிறகுதான் நிறுத்துவான்.

சண்டை முடிந்து ஊர் திரும்பினான். எனிட் என்ற பெண்ணைக் கட்டினான். படைக் குடியிருப்பின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள் அவள். அவள் வாய்க்கு சார்ஜென்ட் மேஜரே பயப்படுவார். "எங்க வீட்டுக்காரர் ஊர் பூரா அடிச்சுச் சத்தம் போடுவார், வீட்டுல மட்டும் சத்தமே வராது" என்பாள். சிரில் சிரிப்பான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் லண்டனில் யாரோ கணக்குப் பார்த்தார்கள். சாம்ராஜ்யம் சுருங்கிவிட்டது, படை மட்டும் பெருத்துக் கிடக்கிறது என்று தெரிந்தது. பக்கத்து மாவட்டத்துப் பிராக்ஸ்டன் படையையும் எங்களையும் ஒன்றாக்குவது என்று முடிவானது. புதிய படைக்கு ஒரு மார்ச்தானே இருக்க முடியும்? கமிட்டி போட்டார்கள். கமிட்டியில் இருந்த இசை அதிகாரி இரண்டு மார்ச்சையும் பியானோவில் வாசித்துக் காட்டினாராம். பிராக்ஸ்டன்காரர்களுடையது சின்னது, மதியச் சாப்பாட்டு நேரமும் நெருங்கியிருந்தது, அதனால் அதையே வைத்துக்கொண்டார்கள். இது எங்கள் பேண்ட் மாஸ்டர் சொன்னது. அவர் பொய் சொல்லத் தெரியாதவர், இட்டுக்கட்டத் தெரிந்தவர்.

கர்னல் ஃபேன்ஷா எங்களையெல்லாம் கூட்டி வைத்துப் பேசினார். நல்ல மனிதர்தான். அந்தக் கமிட்டியில் எங்கள் சார்பாகக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். பாவம், அன்றைக்கு அவர் வாயில் 'முடிவு' என்ற சொல் மட்டும் வரவே இல்லை. இணைப்பு என்றார், புதிய அத்தியாயம் என்றார், இரண்டு நதிகள் ஒன்றாவதாகச் சொன்னார்.

சிரில் கையை உயர்த்தினான். "சார், அப்ப நம்ம 'வாத்துக்காரி'?"

"அது இனிமே ஓய்வெடுக்கும், போஸ்டில்."

"எத்தன நாளைக்கு சார்?"

"அது… காலந்தான் சொல்லணும்."

அன்று சாயங்காலம் எனிட் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலேயே விளக்கம் கொடுத்துவிட்டாள். "ஓய்வா? எங்க அத்தைய ஆஸ்பத்திரியில சேர்த்தப்பவும், 'அவங்க ஓய்வெடுக்குறாங்க'ன்னுதான்யா டாக்டர் சொன்னாரு. போய்ப் பார்த்தா வெள்ளத் துணி போட்டு மூடிக் கெடந்தாங்க."

கடைசி அணிவகுப்புக்கு ஏற்பாடு நடந்தது. படையின் இரண்டு பட்டுக்கொடிகளையும் 'வாத்துக்காரி' முழங்க மாதா கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். கதவு மூடியதும் இசை நிற்க வேண்டும். அதோடு நாங்கள் ஃபென்மார்ஷ் காலாட்படை இல்லை. மறுநாள் புதுத் தொப்பி, புதுப் பெயர். ஒத்திகையின்போது எல்லோரும் கொடியைப் பற்றி, வெயில் வருமா மழை வருமா என்பதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். சிரில் ஒருவனுக்குத்தான் விஷயம் உறைத்தது. மதுக்கடையில் என் சட்டையைப் பிடித்து மூலைக்கு இழுத்தான்.

"டேய் ரோலி. நிறுத்துறது யாருடா?"

"எத?"

"'வாத்துக்காரி'ய. எரநூறு வருஷமா சுத்திட்டு இருக்குற மெட்டு. கடைசி ரெண்டு அடிய யார் அடிக்கிறது? லண்டன்காரன் வந்து அடிப்பானா? கர்னல் அடிப்பாரா? நாந்தானடா அடிக்கணும்!"

"அடிச்சுட்டுப் போ. வாரா வாரம் அடிக்கிறதுதான?"

"வாரா வாரம் அடிக்கிறப்ப அடுத்த வாரம்னு ஒண்ணு இருந்துச்சு." பீரை அப்படியே வைத்துவிட்டான். அவன் பீரை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. "கையெழுத்து அவங்க போடுவாங்களாம், கழுத்த நான் திருகணுமாம். ஒருத்தனாவது வாயத் தொறந்து 'செத்துப்போச்சு, நிறுத்து'ன்னு சொல்லட்டும். நிறுத்திர்றேன். ஓய்வு, நதின்னா எனக்கு என்ன எழவு தெரியும்?"

அவன் கேட்டது அவ்வளவுதான். அதற்காக ஊரெல்லாம் அலைந்தான். முதலில் சார்ஜென்ட் மேஜர் டாஸ்வெல்லிடம் போய், பல்வலி, அன்றைக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்றான். டாஸ்வெல்லின் குரலுக்குக் குதிரைகளே நேராக நிற்கும். "டிரம் அடிக்கப் பல்லு எதுக்குடா?" என்று ஒரே கேள்வியில் அனுப்பிவிட்டார். பிறகு பாதிரியாரிடம் போனான். "எதுவுமே முடிவதில்லை மகனே, எல்லாம் வேறு வடிவில் தொடர்கிறது" என்றார் அவர். "அப்ப எதுக்குச் சாமி சவத்த மட்டும் புதைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தான். கடைசியில் கர்னலின் அறைக்கே போய், "சார், நான் நிறுத்தினா அது அதோட போச்சுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டான். கர்னல் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். "அப்படியெல்லாம் சொல்லப்படாது போஸ்டில். மரபு நம்ம ரத்தத்துல ஓடுது" என்றார்.

"ரத்தத்துல ஓடுதாம்" என்று என்னிடம் வந்து சொன்னான் சிரில். "ரத்தம் எப்படி ஓடும்னு பாலைவனத்துல பார்க்காத மாதிரி பேசுறாருடா."

அந்த நாள் வந்தது. மழையும் வந்தது. லண்டனிலிருந்து வந்த பிரிகேடியர் மேடையில் நின்றார். எங்கள் படையில் ஒரு வழக்கம். 'வாத்துக்காரி' ஒலித்து முடியும் வரைக்கும் சல்யூட் அடித்த கையை இறக்கக் கூடாது. வாத்து திருடின குற்ற உணர்ச்சியால் வந்த வழக்கம் என்று மதுக்கடையில் சொல்வார்கள். பிரிகேடியருக்கு வழக்கத்தை முன்கூட்டியே விளக்கியிருந்தார்கள். நல்ல மரபு என்று பாராட்டினாராம்.

கொடிகள் புறப்பட்டன. நாங்கள் வாசித்தோம். சதுக்கம் முழுக்கச் சனம். பழைய சிப்பாய்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். பொம்பளைகள் அழுதார்கள். கொடிகள் படியேறிக் கோயிலுக்குள் போயின. கதவு மூடியது. பேண்ட் மாஸ்டர் கோலை உயர்த்தினார்.

என் முதுகுக்குப் பின்னால் டிரம் எப்போதும் போல ஒற்றை அடியாகவே விழுந்துகொண்டிருந்தது. சுற்று முடிந்தது. மெட்டு முதல் வரிக்குத் திரும்பியது. நாங்களும் அதோடு திரும்பினோம்.

பேண்ட் மாஸ்டர் திகைத்துக் கோலை இறக்கி மறுபடி உயர்த்தினார். மறுபடி ஒரு சுற்று போனது. அவர் முகம் பீட்ரூட் ஆனது. நாங்கள் நினைத்திருந்தால் அவர் கோலைப் பார்த்தே நிறுத்தியிருக்கலாம். கண் எங்களுக்கும் இருந்தது. ஆனால் இரட்டை அடி கேட்காமல் வாயை எடுக்கக் கூடாது என்று எங்களை அடித்துப் பழக்கியவரே அவர்தான். ஒழுக்கமான சிப்பாய்கள் என்ன செய்வார்கள்? அன்றைக்கு மாதிரி ஒழுக்கமாக நாங்கள் என்றைக்குமே இருந்ததில்லை.

மேடையில் பிரிகேடியரின் கை நடுங்க ஆரம்பித்தது. தொப்பி நுனியிலிருந்து மழைத்தண்ணீர் அவர் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டிருந்த பொம்பளைகள் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, "ஏம்மா, இது எப்ப முடியும்? அடுப்புல உருளைக்கிழங்கு வச்சுட்டு வந்துட்டேன்" என்றாள். எனிட் அவளைத் திரும்பிப் பார்த்து, "கரியட்டும்" என்றாள். எனக்கு உதடு மரத்துவிட்டது. பக்கத்தில் டூபாக்காரர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். இருந்தும் சொல்கிறேன், என் வாழ்நாளில் நாங்கள் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை.

அப்போது கர்னல் ஃபேன்ஷா மேடையிலிருந்து இறங்கினார். மழையில் நனைந்தபடி வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து சிரிலுக்கு எதிரில் நின்றார். டிரம் தடைபடவில்லை. எனக்கு வலது காது நன்றாகவே கேட்கும்.

"போஸ்டில், என்னப்பா இது? மாஸ்டர் சைகை காட்டுறார், தெரியலையா?"

"தெரியுது சார்."

"அப்ப?"

"ஓய்வெடுக்கப் போகுதுன்னு சொன்னீங்க சார். களைச்ச மாதிரி தெரியல. அதான் விட்டுட்டேன்."

"வெளையாடாத. பிரிகேடியர் கைய இறக்க முடியாம நிக்கிறார்."

"அவருக்கு வலிக்கும்னு தெரியும் சார். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லிட்டீங்கன்னா அடிச்சிர்றேன். இது அவ்வளவுதானா?"

டிரம் அடித்துக்கொண்டே இருந்தது.

"நீங்களும் அங்க பாலைவனத்துல இருந்தீங்க சார். ஆளு போயிட்டான்னா ஓய்வெடுக்குறான்னா சொல்வோம்? போயிட்டான்னு சொல்லித்தான எறக்கி வைப்போம்? யாராச்சும் சொல்லாம நான் எப்படி சார் எறக்கி வைக்கிறது?"

நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆனாலும் பார்த்தேன். கர்னலின் முகத்தில் வழிந்தது எல்லாமே மழை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார். அணிவகுப்பில் ஒரு கர்னல் செய்யக் கூடாத காரியம் அது. டிரம்முக்கு மேல் குனிந்து சாதாரணக் குரலில் சொன்னார்.

"முடிஞ்சுபோச்சு சிரில். இனிமே கிடையாது. எங்களால காப்பாத்த முடியல. நிறுத்திரு."

"நன்றி சார்" என்றான் சிரில்.

அந்தச் சுற்றை மட்டும் முழுசாக வாசிக்க விட்டான். கடைசியில் இரண்டு அடி அடித்தான். நாங்கள் வாத்தியங்களை இறக்கினோம். சதுக்கத்தில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. பிரிகேடியரின் கை பொத்தென்று விழுந்தது.

அந்த அமைதிக்குள் சார்ஜென்ட் மேஜர் டாஸ்வெல் பாய்ந்து வந்தார். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த கோபம் முழுக்க முகத்தில் இருந்தது. யார் மீதாவது குற்றம் சாட்டினால் அந்த இடத்திலேயே, அவன் பேரையும் படையின் பேரையும் ஊருக்கே கேட்கும்படி சொல்லித்தான் சாட்டுவார். முப்பது வருஷப் பழக்கம் அது. சிரிலுக்கு முன்னால் காலை ஓங்கி மிதித்து நின்றார்.

"சிப்பாய் போஸ்டில், சிரில்! அணிவகுப்புல உத்தரவ மீறின குற்றத்துக்காக உன்ன இந்த எடத்துலயே…" மூச்சை இழுத்துக்கொண்டார். "ஃபென்மார்ஷ்…"

அந்தப் பெயரைத் தாண்டி அவரால் போக முடியவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. அந்தப் பேரில் இப்போது படையே இல்லை என்பது சொல்ல வாயெடுத்த பிறகுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். குதிரைகளை நேராக நிறுத்தின அந்தத் தொண்டையிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் நின்ற கர்னல் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

சிரில் தோள்வாரை அவிழ்த்து டிரம்மைக் கழற்றி ஈரத் தரையில் வைத்தான். டாஸ்வெல்லின் இன்னொரு கையை அவன் பிடித்துக்கொண்டான். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.